கண் திறக்காத குதிரை

கோபத்தை ஆறப்போட்டுவிட்டு எழுதச் சொல்கிறார்கள் என் பிள்ளைகள். ஆறிப்போனால் எனக்கு எழுத ஒன்றும் இருக்காது. சூட்டோடேயே எழுதுகிறேன்.

அது யுத்த காலம். எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கம். நாங்கள் வேளார் வீடு. சட்டி பானை செய்வோம், அய்யனார் கோவிலுக்கு மண் குதிரை செய்வோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆத்தாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அப்புறம் வாசலில் நிற்பது யாரென்று குரலை வைத்துத்தான் சொன்னாள். அப்பா இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். அந்தக் காரணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சில வருஷங்களுக்கு முன் புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெரிய மனிதர் மோட்டாரில் வந்து குதிரை ஒன்று வேண்டும் என்றார். கோவில் குதிரை என்றால் நேர்ந்துகொண்டவர்கள் முதலில் பிடிமண் கொடுக்க வேண்டும். அந்த ஒரு பிடி மண்ணைச் சேர்த்துத்தான் களிமண்ணை மிதிப்போம். சுட்டெடுத்த குதிரைக்கு எல்லாம் இருக்கும், கண்மணி மட்டும் இருக்காது. கோவிலில் நிறுத்திய பிறகு செய்தவர் மை தொட்டு மணி வைப்பார். அதுதான் கண் திறப்பு. வந்தவர் பிடிமண் கொடுக்கவில்லை. "நேர்த்திக்கடன்தான், அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்றார். அப்பாவும் தலையை ஆட்டினார். மோட்டாரைக் கண்டால் அப்பாவுக்கு முதுகு தானாக வளைந்துவிடும். குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் கண் திறக்கக் கூப்பிடவேயில்லை.

"கண்ணில்லாத குதிரை எங்கிட்டோ நிக்குது. அதான் ஒங்காத்தா கண்ணை வாங்குது" என்பார் அப்பா. இரண்டு வருஷம் விளக்குப் போட்டார், மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார், இலைச்சாறு பிழிந்தார். ஆஸ்பத்திரி என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நான் சோறு தின்னாமல் கிடந்து சண்டை போட்ட பிறகுதான் கிளம்பினார்.

கட்டுச்சோற்றோடு விடியுமுன் நடந்தோம். ஆத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், "கண் டாக்டர் நாளைக்குத்தான் வருவாரு. போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். போயிட்டு எப்படி வருவது? ஒரு பகல் முழுக்கப் பட்டணத்தில் சும்மா கிடக்க வேண்டும், கையில் காசும் இல்லை. காசில்லாமல் என்னென்ன பார்க்கலாமோ அத்தனையும் பார்ப்பது என்று நான் முடிவு செய்தேன்.

வீதிகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி போயின. "என்னடி, இந்த ரோடு திரும்பவே மாட்டேங்குது?" என்றாள் ஆத்தா. அரண்மனை வாசலில் காவல்காரன் விரட்டும் வரை நின்றோம். மியூசியத்தில் பஞ்சடைத்த புலியைப் பார்த்தோம். அதாவது நான் பார்த்தேன், ஆத்தாவுக்குச் சொன்னேன். பல்லு எத்தனை, வால் எங்கிட்டு இருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். செப்புச் சாமிகளின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று காலை முழுக்க நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

குளத்தங்கரையில் சோற்றை முடித்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் ஒரு பங்களாவைக் கைகாட்டினாள். அங்கே படங்களும் சிலைகளும் வைத்திருக்கிறார்களாம். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போகலாமாம், மோரும் கொடுக்கிறார்களாம். மோருக்காகத்தான் போனோம்.

கூடத்தில் ராஜா ராணி படங்கள், பித்தளை விளக்குகள், தந்தப் பெட்டிகள். கடைசியில், பட்டு விரித்த மேடை மேல் ஒரு மண் குதிரை. அப்பா அப்படியே நின்றுவிட்டார். ஆத்தா, "என்னங்க?" என்று கேட்டாள். அவளே கையை நீட்டிக் குதிரையின் நெஞ்சைத் தடவினாள், கழுத்து மணியைத் தடவினாள், முகத்துக்குப் போனாள். "நம்ம மண்ணுங்க இது. கண்ணு தொறக்கலையே" என்றாள்.

"தொடாதே!" என்று காவலாள் கத்தினான்.

கீழே ஒரு அட்டை. அஞ்சாவது வரை படித்தவள் நான், சத்தமாகவே படித்தேன். "கிராமியக் குதிரை. மூடிய கண்களில் தியான நிலையைக் காண்க. செய்தவர் பெயர் தெரியவில்லை."

அந்த நேரம் பார்த்து, நாலு விருந்தாளிகளோடு அந்தப் பெரிய மனிதரே வந்தார். மோட்டாரில் வந்து எங்கள் சூளையடியில் நின்ற அதே ஆள். "பாருங்க, ஒரு பட்டிக்காட்டான் எவ்வளவு ஞானத்தோட கண்ணை மூடி வச்சிருக்கான்!" என்றார். விருந்தாளிகள் ஆகா என்றார்கள்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "எசமான், அது மூடலைங்க. இன்னும் தெறக்கலைங்க. நாந்தான் செஞ்சது. சித்தநேரம் குடுத்தீங்கன்னா மணியை வச்சிட்டுப் போயிருவேன்" என்றார்.

அவர் அப்பாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. "தொட்டா அதோட அழகே போயிரும்" என்று சிரித்துவிட்டு விருந்தாளிகளை அடுத்த படத்துக்குத் திருப்பினார்.

"எங்கப்பாதான் செஞ்சாரு! பிடிமண்ணு குடுக்காம ஏமாத்தித் தூக்கியாந்தது நீங்க!" என்று கத்தினேன். காவலாள் அட்டையைக் காட்டி, "செஞ்சவரு தெரியாதுன்னு எழுதியிருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எழுதியிருப்பதை நம்பினான்.

எனக்கு அப்பா மேல்தான் ஆத்திரம் பொங்கியது. இரண்டு வருஷமாக எந்தக் கண்ணை நினைத்துப் புலம்பினாரோ அது எதிரே நிற்கிறது, இவர் பின்னுக்கு நடக்கிறார். என் கண்ணிலிருந்த மையை விரலில் வழித்து நீட்டினேன். "வைங்கப்பா" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "அப்ப நான் வைக்கிறேன்."

"செஞ்ச கைதான் வைக்கணும். நீ வச்சா குத்தம்" என்றார் அப்பா. பயத்திலும் சட்டம் மட்டும் மறக்கவில்லை.

ஆத்தா அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "மண்ணு மெதிச்சது யாருங்க?" என்றாள்.

அப்பா காவலாளைத் திரும்பிப் பார்த்தார்.

"கல்லு பொறுக்கினது யாரு? பிடரி திருத்தினது யாரு? அப்ப இதுவும் செஞ்ச கைதான்" என்றவள், என் விரலைத் தேடிப் பிடித்து மையைத் தன் விரலில் ஒற்றிக்கொண்டாள். இடது கையால் குதிரையின் இமையைத் தடவி இடம் பார்த்தாள். ஒரு கண்ணில் வைத்தாள், மறு கண்ணிலும் வைத்தாள். காவலாள் ஓடிவந்து பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

எங்களை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள். மோரும் கிடைக்கவில்லை.

ரோட்டில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை கூப்பாடு போட்ட நானும் "எங்கப்பா செஞ்சாரு" என்றுதானே கத்தினேன்? ராத்திரியெல்லாம் காலால் மண் மிதித்தவளின் பெயர் அட்டையில் மட்டுமா இல்லை, எங்கள் வீட்டிலேயே இல்லை. அந்தப் பெரிய மனிதரை வைத அதே வாயால் என்னையும் வைதுகொண்டேன்.

சத்திரத்தில் படுத்துவிட்டு மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. குதிரைக்குக் கண் வந்துவிட்டது, இனி இவளுக்கும் வந்துவிடும் என்று நம்பினார். டாக்டர் ஆத்தாவின் இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். "ரெண்டு வருஷம் முந்தி கூட்டிட்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. மிச்சம் இருக்கிறதும் போயிரும்" என்றார். நான் அப்பாவை அங்கேயே வைதேன். பெற்றவர் என்று பார்க்கவில்லை. இன்றைக்கும் அதற்கு நான் வருத்தப்படவில்லை.

திரும்பி நடக்கையில் ஆத்தா என் தோளைப் பிடித்திருந்தாள். பாதி வழியில் மெதுவாகக் கேட்டாள்.

"ஏத்தா, நான் வச்ச மணி ரெண்டும் நேரா இருந்துச்சா?"

ஒன்று மூக்கைப் பார்த்தது, ஒன்று வானத்தைப் பார்த்தது.

"நேராத்தான் இருக்கு ஆத்தா" என்றேன். எனக்குத் தெரிந்து நான் சொன்ன முதல் பொய் அது.