ஒலிப்பதிவில் விழாத கை

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. மலையாளத்துச் சிங்க மாதம், நம் ஆவணி, பிறந்த நாள். ஆடியில் கொட்ட வேண்டிய கர்க்கடக மழை இவ்வாண்டு ஏமாற்றிவிட்டதால் கேரளத்துக் கடுத்துருத்தியில் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பின்சி வர்கீஸ் பேருந்தை விட்டு இறங்கினார், குடையை விரித்தார், முகம் மறையுமளவுக்கு அதைத் தாழ்த்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசியபடியே பயிற்சிக்கூடத்துக்கு நடந்து வந்தார். எதிரே வருபவர்கள் கைபேசியில் பேசுகிறார் என்று நினைத்து வழிவிடுவார்கள். கைபேசியோ பைக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

வயது நாற்பத்தொன்று. பதினெட்டு ஆண்டுகளாக அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. செப்டம்பர் முடிந்தால் கடிதமும் முடிந்துவிடும். அதற்குரிய ஆங்கிலத் தேர்வில் எழுத்திலும் வாசிப்பிலும் கேட்பதிலும் தேறியாயிற்று. பேச்சுத் தேர்வில் மட்டும் இரண்டு முறை தோல்வி. தேவை ஐந்நூற்றுக்கு முந்நூற்று ஐம்பது. முதல் முறை பெற்றது முந்நூற்று நாற்பது, இரண்டாம் முறை முந்நூற்று முப்பது. மகள் டியா பள்ளியில் இரண்டு முறை விடைபெற்று, தோழியரிடம் இரண்டு முறை வாழ்த்தட்டை வாங்கிவிட்டாள். மூன்றாம் தேர்வு ஆகஸ்ட் 26 அன்று. இம்முறை டியா யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வின் முறை எளிது. எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். செவிலியர், தரப்படும் இரண்டு அட்டைகளில் உள்ளபடி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் அவரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பேச்சு ஒலிப்பதிவாகும். மதிப்பெண் இடுபவர்கள் எங்கோ இருந்து அந்த ஒலியை மட்டும் கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பயிற்சிக்கூடத்தில் ஒத்திகைக்கு நோயாளி தேவைப்பட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கில இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த நாற்காலி வாய்த்தது.

அன்றைய அட்டையின்படி நான் அறுவை சிகிச்சைக்கு மறுக்கும் முதியவன். பின்சி அழகாகத் தொடங்கினார். "வணக்கம், ஐயா. இன்று தங்களை வருத்துவது எது என்று நான் அறியலாமா?" ஒரு பிழையுமில்லை. இரண்டாம் நிமிடத்தில், அட்டை சொன்னபடி, நான் குரல் உடைந்து கண்ணைத் துடைத்தேன். பின்சியின் பேச்சு நின்றது. நாற்காலியை அருகே இழுத்தார். மின்விசிறியை என் முகத்திலிருந்து திருப்பினார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பயிற்சியாளர் ஸ்டெஃபிக்கு இருபத்தாறு வயது. நாக்கு அதைவிடக் கூர்மை. கடிகாரத்தை நிறுத்தினார்.

"சேச்சி, ஊமைப் படமா எடுக்கிறோம்? நாப்பது செகண்டு ஒரு சத்தமும் இல்ல!"

"அவரு அழுதாரே, மிஸ்."

"அழணும்னு கார்டுல போட்டிருக்கு. அப்பத்தான் நீங்க பேசணும்."

"அழுறவங்ககிட்ட போயி யாராவது பேசுவாங்களா? எங்க கேஷுவால்டில அந்த நேரத்துல வாயத் திறந்தா, கூட வந்தவங்க அடிக்க வருவாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாரே, உங்களுக்கு நாடி விட்டு விட்டு அடிக்குது. ஈசிஜி எடுத்தீங்களா?"

"அது கார்டுல இல்ல சேச்சி!" என்று ஸ்டெஃபி தலையில் அடித்துக்கொண்டார்.

பின்சியிடம் நீல அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று உண்டு. இதுவரை படித்த மூன்று பயிற்சிக்கூடங்களின் அறிவுரைகளும் அதில் தேதியுடன் இருக்கும். "தங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்று மூன்று முறையாவது சொல்ல வேண்டும்: இது ஏற்றுமானூர்க் கூடம். அதை மட்டும் சொல்லவே கூடாது, மனப்பாடம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்: இது பாலா ஊர்க் கூடம். மெதுவாகப் பேசு, நிறுத்திப் பேசு, நிறுத்தினால் தெரியாது என்று நினைப்பார்கள், நிறைய கேள்வி கேள், கேள்வியைக் குறை. எல்லாவற்றின் கீழும் சிவப்பு மையில் கோடு.

"சாரே, இதுல எது சரி?" என்று அவர் கேட்டபோது குறிப்பேட்டை வாங்கி இரண்டு முறை புரட்டினேன். இலக்கணத்தில் சரி என்றால் சரி, தவறு என்றால் தவறு. முதல் தேர்வுக்குப் பின் அவருடைய வினைச்சொற்களை நானே அமர்ந்து திருத்தினேன். பிழை குறைந்தது, மதிப்பெண்ணும் பத்துக் குறைந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஸ்டெஃபி ஒரு வழி கண்டுபிடித்தார். "உங்க கை செய்யறதை வாயால சொல்லிடுங்க சேச்சி. தோளைத் தொடறீங்களா, தொடறேன்னு சொல்லுங்க. டேப்புல விழும்ல?" பின்சிக்கு முதன்முறையாக ஏதோ தெளிந்தது போலிருந்தது. அன்று முதல் செய்வதையெல்லாம் ஆங்கிலத்தில் அறிவிக்கத் தொடங்கினார். மறுநாள் காலை சமையலறையில், "நான் இப்போது குழாயிலிருந்து புட்டைத் தள்ளப் போகிறேன். சற்று அழுத்தம் தெரியும், அஞ்ச வேண்டாம்" என்றாராம். சாப்பிடக் காத்திருந்த கணவர் ஷாஜன், "அடியே, புட்டுக்கு வலிக்காதுடி. நீ தள்ளு, எனக்கு நேரமாச்சு" என்றிருக்கிறார்.

மருத்துவமனையிலும் பழக்கம் விடவில்லை. ரப்பர் மரத்தடியில் வழுக்கி விழுந்த ஒரு பெரியவரிடம், "இப்போது தங்கள் தோளில் கை வைக்கிறேன்" என்று ஆங்கிலத்திலும், அவர் புரியாமல் விழித்ததால் மலையாளத்திலும் அறிவித்தார்.

"வச்சது தெரியுது மோளே," என்றார் பெரியவர். "அதுக்கு எதுக்கு அறிவிப்பு? இது என்ன பஸ் ஸ்டாண்டா?"

இதைச் சொல்லிச் சிரித்த பின்சி, சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "ஆனா ஒண்ணு சாரே. சொல்லிட்டுத் தொட்டா, என் கை எனக்கே வேற யாரோடதோ மாதிரி இருக்கு. இது பழகிடுமா, இல்ல இப்படியேதானா?" பழகிவிடும் என்று சொல்லி வைத்தேன்.

தேர்வு கொச்சியில் சனிக்கிழமை நடந்தது. திங்கட்கிழமை உத்திராடம், திருவோணத்துக்கு முந்தின நாள், கடைவீதியெங்கும் பூக்கூடைகள். இரவுப் பணி முடிந்து அதே சீருடையில், கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்துடன் பின்சி வந்தார். இம்முறை குடைக்குள் பேச்சில்லை. ஸ்டெஃபி வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"முதல் கார்டு எப்படி?"

"நல்லாப் போச்சு. ஊசி போட பயப்படற ஆளு. ஏழு தடவை சொன்னேன், 'இப்போ கையைப் பிடிக்கிறேன், இப்போ பஞ்சு வைக்கிறேன்'னு. எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"சூப்பர் சேச்சி! ரெண்டாவது?"

"பத்து வயசுப் பையனுக்குச் சர்க்கரை வியாதின்னு அன்னிக்குத்தான் தெரிஞ்ச அம்மா. நடிக்க வந்த பொம்பளைக்கு என் வயசு இருக்கும். 'தினமும் நானே என் பிள்ளைக்கு ஊசி குத்தணுமா'ன்னு கேட்டா. அப்புறம் அழ ஆரம்பிச்சுட்டா. நடிப்பா நெசமான்னு எனக்குப் புரியல மிஸ்."

"நடிப்புதான் சேச்சி! வேற என்ன? கார்டுல இருக்கும்." ஸ்டெஃபியின் குரல் இறங்கியது. "அப்பவும் சொன்னீங்கதானே?"

பின்சி பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். அதன் மடிப்பை நீவிவிட்டார். என் எதிரே அமர்ந்து, எதையும் அறிவிக்காமல், என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"அந்தம்மா அழுதப்போ நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

முள் ஒரு சுற்று முடியும்வரை காத்திருந்து, எண்ணிக்கையைச் சீருடைப் பையிலிருந்த துண்டுத் தாளில் குறித்துக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னார்.

"ஒண்ணும் சொல்லல சாரே. அவ கை சில்லுன்னு இருந்துச்சு. பிடிச்சுக்கிட்டேன்."