காருக்கு ஒரு பிளக் பாயின்ட்

பக்கவாதம் வந்து கைகால் விழுந்தவர்களுக்கும், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவர்களுக்கும் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பது அவளுடைய தொழில். குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ‘பிசியோ அக்கா’தான். அவளைவிட வயதில் மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். காலையில் கிளம்பினால் ஊரின் இந்தக் கோடியில் ஒரு முழங்கால், அந்தக் கோடியில் ஒரு தோள்பட்டை என்று இருட்டும்வரை ஓட்டம்தான். மாசக் கடைசியில் பார்த்தால் நோயாளிகள் கொடுத்த காசில் பெரும்பகுதியைப் பழைய பெட்ரோல் கார் குடித்துத் தீர்த்திருக்கும்.

“நான் எனக்காகச் சம்பாதிக்கிறேனா, பங்க்காரனுக்காகச் சம்பாதிக்கிறேனான்னே தெரியல” என்று ஒருநாள் தம்பியிடம் புலம்பினாள். புலம்பியது தப்பாகப் போயிற்று.

தம்பி காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். கணக்கென்றால் அவனுக்குச் சாப்பாடு தூக்கம் வேண்டாம். அங்கேயே செல்போனை எடுத்துத் தட்டினான். “அக்கா, மின்சாரக் கார் வாங்கு. ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டுட்டுத் தூங்கு, காலையில எடுத்துட்டுப் போ. பெட்ரோலுக்குக் கொடுக்கிறதுல அஞ்சுல ஒரு பங்குதான் ஆகும். மிச்சம் பிடிக்கிற காசே பாதித் தவணையைக் கட்டிடும்.”

அவளும் நாலைந்து பேரை விசாரித்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பழைய காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் போட்டு, வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்கினாள். ஓட்ட அருமையாக இருந்தது. சத்தமே கிடையாது. பிரச்சினை அதை நிறுத்திய இடத்தில்தான் ஆரம்பித்தது.

வீடு நாலாம் மாடியில். கார் நிற்பது தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்கில். அங்கே சுவரில் இருந்த பிளக் எல்லாம் குடியிருப்புச் சங்கத்தினுடையது, துப்புரவு இயந்திரத்துக்காக வைத்தது. சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அனுமதி கேட்டுப் போனால் முதலில் உட்காரச் சொல்லுவார், அப்புறம் முடியாது என்று சொல்லுவார். அவளையும் உட்காரச் சொன்னார்.

“பொதுக் கரண்ட்டைத் தொடக் கூடாதும்மா. உங்க வீட்டு மீட்டர்ல இருந்து தனியா ஒயர் இழுத்துக்கோங்க. செலவு உங்களோடது. குழாய் சுவர் கலர்லயே இருக்கணும்.”

மீட்டர் அறை பார்க்கிங்கின் முன்பக்கம், அவள் கார் நிற்கும் இடம் பின்பக்கக் கடைசி மூலை. எலெக்ட்ரீஷியன் அளந்து பார்த்துவிட்டுச் சொன்ன தொகையைக் கேட்டு, குறைக்க முடியுமா என்று பேரம் பேசிப் பார்த்தாள். வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். குழாய்க்குச் சுவரின் கலர் கிடைக்கவில்லை. கொஞ்சம் வெளுத்த கலரில் அடித்ததற்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினாள்.

முதல் பில் வந்த அன்று அவளும் கணவரும் சமையலறை மேடையில் அதை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்கள். கணவர் அச்சகத்தில் மேற்பார்வையாளர். நிதானமான மனிதர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“யூனிட் ஏற ஏற விலையும் ஏறுது பாரு. வீட்டுக்கு எரியிற கரண்ட்டே கீழ்ப்படியை எல்லாம் தாண்டிடுது. காரோட யூனிட் அத்தனையும் உச்சிப்படியில போய் உட்காந்திருக்கு. உன் தம்பி அடிப்படி விலையை வெச்சுல்ல கணக்குப் போட்டிருக்கான்.”

பெட்ரோலைவிடக் குறைவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அஞ்சில் ஒரு பங்கு பாதியை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒயர் இழுத்த செலவையும் சேர்த்தால் லாபம் என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

“அக்கா, நான் சொன்னது தனி வீட்டுக்கு” என்றான் அவன், கூசாமல். “மாடியில சோலார் போட்டா அதுவும் வராது.”

“என் தலைக்கு மேல மூணு மாடி இருக்குடா. எந்த மாடியில போடுறது?”

“அது சரிதான்” என்றான்.

வீட்டுக்குள் அடுத்த தொல்லை. கார் சார்ஜ் ஆகும்போது ஏசியும் சுடுதண்ணீர் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் மெயின் விழுந்துவிடும். ஒருநாள் காலை கணவர் தலை நிறைய ஷாம்பூவோடு குளியலறைக்குள்ளிருந்து கத்தினார். இன்னொரு நாள் கல்லூரிக்குப் போகும் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஏசி நின்றது.

“இந்த வீட்டுல மனுசங்களுக்கு முன்னாடி காருக்குத்தான் சாப்பாடு” என்றாள் மகள்.

“அது ஓடினாதான்டி உனக்குச் சாப்பாடு.”

சொல்லிவிட்டாளே தவிர, இப்படியே விட முடியாது. கூடுதல் மின்சுமைக்கு விண்ணப்பித்து, அதற்கு ஒரு வைப்புத்தொகை கட்டி, ஆள் வந்து பார்ப்பதற்கு அலையாய் அலைந்தாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அவளை உண்மையிலேயே உலுக்கியது வேறு ஒரு காலை.

அன்றைக்கு முதல் நோயாளி ஊருக்கு வெளியே, முன்னாள் லாரி டிரைவர். வலது கைகால் விழுந்து, மாதக்கணக்கில் படுத்திருந்து, இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தார். நாலு அடி தானாக எடுத்து வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் நாள் குறித்திருந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்குப் போனால், கார் பிளக்கை யாரோ கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். காரில் பேருக்குத்தான் சார்ஜ் இருந்தது.

அருகில் இருந்த வணிக வளாகத்துக்கு உருட்டிக்கொண்டு போனாள். அங்கே சார்ஜ் போடும் இயந்திரம் இரண்டு. ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றில் ஒரு கார் மாட்டியிருந்தது, அதற்குள் ஒருவர் சீட்டைச் சாய்த்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டி எழுப்பிக் கேட்டாள். “இப்பதான் மேடம் போட்டேன்” என்று கண்ணை மூடிக்கொண்டார். அங்கே வாங்கும் விலையும் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதையும் கொடுக்கத் தயாராகத்தான் நின்றாள். கொடுக்க முறை வரவில்லை.

லாரி டிரைவரின் மனைவிக்குப் போன் செய்து, இன்றைக்கு வர முடியாது என்றாள்.

“பரவாயில்லம்மா” என்றது எதிர்முனை. “காலையிலயே குளிச்சு, சட்டை எல்லாம் போட்டு நாற்காலில உக்காந்திருக்காரு. நான் சொல்லிக்கிறேன்.”

வாடகைக் கார் பிடித்திருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை; பின்னால் அப்படிப்பட்ட நாட்களில் அதையும் பிடித்தாள். அன்றைக்குக் காரைத் திருப்பி வீட்டுக்கே ஓட்டினாள்.

பிளக்கைக் கழற்றியது யார் என்று வாட்ச்மேன் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூன்றாம் மாடிக்காரர். பாத்திரக்கடை முதலாளி. கதவைத் தட்டியதும் அவரே திறந்தார்.

“ஆமா, நான்தான் கழட்டினேன். பொது கரண்ட்ல வண்டி ஓட்டுறீங்க, பராமரிப்புக் கட்டணம் நாங்க கட்டுறோம். நல்லா இருக்கே நியாயம்.”

“சார், செருப்பைப் போட்டுட்டு என்கூட கீழ வாங்க.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சில்லாமல் வந்தார். வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டாள். பிளக்கைச் சொருகினாள். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. “நீங்க இதைப் பாத்துக்கிட்டே நில்லுங்க” என்று முதலாளியை அங்கே நிறுத்திவிட்டு, மீட்டர் அறைக்குப் போய்த் தன் வீட்டு மெயினை அணைத்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “எரியுதா சார்?”

“இல்ல” என்றது மூலை.

மறுபடி மெயினைப் போட்டாள். “இப்போ?”

“எரியுது.”

திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்திருக்கக் கூடாது.

“எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒரு போர்டு மாட்டியிருக்கலாமே” என்றார்.

மறுநாளே ‘இது நாலாம் மாடி வீட்டின் சொந்த இணைப்பு’ என்று எழுதி மாட்டினாள். அதற்கு மறுநாள், அனுமதியில்லாமல் சுவரில் போர்டு மாட்டக் கூடாது என்று செயலாளரிடமிருந்து தகவல் வந்தது.

கூடுதல் சுமைக்கு வந்து பார்த்த மின்சார அலுவலக ஊழியர் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காருக்கென்றே தனி இணைப்பு உண்டாம். அதில் படிக்கட்டு விலை கிடையாது, எல்லா யூனிட்டுக்கும் ஒரே குறைந்த விலை. “இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே” என்றாள். “யாரும் கேக்கலையே” என்றார் அவர். சங்கத்தின் ஒப்புதல் கடிதம் மட்டும் இருந்தால் போதும்.

மட்டும் என்ற அந்தச் சொல்தான் அவளைப் படாத பாடு படுத்தியது. பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள்.

“இன்னிக்கு உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க” என்றார் செயலாளர்.

“நிக்கட்டுமே சார். நல்லதுதானே?”

“லைன் தாங்கணும்ல?”

“அதை மின்சார அலுவலகம் பாத்துக்கும். நாம ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

“தீப்பிடிச்சா யாரு பொறுப்பு?”

“உங்க கார் டேங்க்ல என்ன சார், தண்ணியா இருக்கு?”

பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். அதோடு கெட்டது காரியம். செயலாளர் முகம் கறுத்து, இதை ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என்றார். குழுவில் அவர், அவருடைய மைத்துனர், மூன்றாம் மாடிப் பாத்திரக்கடை முதலாளி. குழு கூடவே இல்லை. கேட்கப் போகும்போதெல்லாம் உட்காரச் சொன்னார்கள்.

“வித்துடலாமா?” என்று கணவர் ஒரு மாலை மெதுவாகக் கேட்டார்.

“விசாரிச்சுட்டேன். வாங்கின விலைல பாதிகூடத் தர மாட்டேங்கிறான்.” சொல்லிவிட்டுக் காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்கிங்கின் முன்வரிசையில் பெரிதாக, நீல நிறத்தில் ஒரு மின்சாரக் கார் வந்து நின்றது. செயலாளரின் மருமகன் வாங்கியது. அந்த வாரமே லிஃப்டுக்குள் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். மின்சாரக் கார் வைத்திருப்போர் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், சங்கம் ஒப்புதல் கடிதம் வழங்கும், இந்த முன்னோடி முயற்சியை மேற்கொண்ட செயலாளருக்குக் குடியிருப்போர் சார்பில் நன்றி.

நாலாம் மாடி வருவதற்குள் அவள் அதை முழுக்கப் படித்துவிட்டாள். வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விஷயத்தைக் கேட்ட கணவர், “எப்படியோ கிடைச்சுதே, விடு” என்றார்.

“கிடைச்சதுக்கு நான் என்ன செய்யப் போறேன், வாங்கிக்கத்தான் போறேன்” என்றாள். “இதே கையெழுத்தைத்தானே நான் கேட்டேன்? எத்தனை தடவை கேட்டேன்? கெஞ்சினேனே. அப்பல்லாம் தீப்பிடிக்கிற கார் இப்ப மட்டும் எப்படிப் பிடிக்காமப் போச்சு?”

அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் செயலாளர் வீட்டில் விண்ணப்பத்தைக் கொடுத்தாள். “பாத்தீங்களாம்மா, எல்லாம் முறைப்படி வந்தா எவ்வளவு ஈஸி” என்றார் அவர். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கடிதம் போய்விடும் என்று பயம்.

தனி மீட்டர் வந்தது. அதற்கும் ஒரு கட்டணம். புது மீட்டரில் ஓடிய முதல் பில்லைக் கணவர்தான் பிரித்தார். பெட்ரோலில் நாலில் ஒரு பங்கு. வீட்டுப் பில்லும் தன் பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது. ஏசி, ஹீட்டர் எதையும் யாரும் கேட்டுக்கொண்டு போடவேண்டியதில்லை. ஒயருக்கும் வைப்புத்தொகைக்கும் வாடகைக் கார்களுக்கும் போனது திரும்ப வர இன்னும் சில வருஷம் ஓட்டவேண்டும். அதன் பிறகுதான் லாபம்.

“உன் தம்பி சொன்ன கணக்குக்குப் பக்கத்துல வந்துட்டோம்” என்றார் கணவர். “போன் பண்ணிச் சொல்லேன், சந்தோஷப்படுவான்.”

“வேண்டாம்.” அவள் பையில் ரப்பர் பட்டைகளையும் தைலத்தையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். “சொன்னா, ‘நான் அப்பவே சொன்னேன்ல’ம்பான். அதைக் கேக்குற தெம்பு இப்ப எனக்கு இல்ல.”

அன்றைக்கு முதல் வீடு ஒரு புது நோயாளி. மணிக்கட்டு உடைந்த தையல்காரி. நேரமாகிவிட்டது என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.