வீட்டுக்கென்று வைத்த வயல்

சியூஹே வீட்டில் நெல் இரண்டு வகை. ஆற்றோரத்துப் பெரிய வயலில் விளைவது விற்பனைக்கு. அறுத்த கையோடு அரிசி ஆலைக்குப் போய்விடும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வயலில் விளைவது சாப்பாட்டுக்கு. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடுதான். விற்கிற வயலுக்குப் பூச்சிமருந்து, மூட்டை உரம். சாப்பிடுகிற வயலுக்குப் பன்றிச் சாணம் மட்டும். இதை யாரும் ஒளித்ததில்லை. நகரத்துக்காரர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது நகரத்துக்காரர்கள் பாடு.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, முப்பத்தொரு வருஷமாக, அந்தச் சின்ன வயலை சியூஹே வேறு யார் கையிலும் விட்டதில்லை. அவளுடைய ஒரே மகள் லிஷுவாங் அந்தச் சோற்றில் வளர்ந்தாள். பதினெட்டு வயதில் ஷென்ஜென் நகரத்துக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள், அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகும் இரண்டு மாதத்துக்கு ஒரு மூட்டை பேருந்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"கேன்டீன் சோத்தைத் தொடாதே. அது மருந்துல ஊறின அரிசி. நம்ம அரிசியை வடிச்சு டப்பாவுல கட்டிக்கிட்டுப் போ" என்று தொலைபேசியில் வாரம் தவறாமல் சொல்வாள். மகளும் கேட்டாள். மகள் கேட்ட ஒரே புத்திமதி அதுதான் என்று கணவர் தெங் கிண்டல் செய்வார்.

ஆற்றின் மேல்பக்கத்தில் துத்தநாகம் உருக்கும் ஆலை ஒன்று இருபது வருஷம் ஓடியது. அந்த நாட்களில் கால்வாய் மஞ்சளாக வரும், வாத்துகள் சாகும். பிறகு ஆலையை மூடினார்கள். கால்வாய் தெளிந்தது, அடியில் கூழாங்கல் தெரிந்தது. அதோடு ஊரும் அதை மறந்துவிட்டது.

மறக்காதது அரசாங்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு மூட்டை இறக்கினார்கள். எல்லா வயலிலும் போட வேண்டும், கதிர் முற்றும்வரை தண்ணீரை வடிக்கக் கூடாது என்று உத்தரவு. சியூஹே பெரிய வயலில் சொன்னபடி செய்தாள். சின்ன வயல் பக்கம் மூட்டையைக் கொண்டுபோகவே விடவில்லை.

பக்கத்து வீட்டு கொங் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள். "ஏன்டி, உன் மக என்ன பேரரசியா? சுண்ணாம்பு பட்டா அரிசி குத்துமா?"

"கை வெந்துபோற சாமானை எம் புள்ள திங்கிற மண்ணுல போடுவேனா அக்கா?"

தண்ணீரையும் அவள் வழக்கம்போல் பூ விட்டதுமே வடித்துவிட்டாள். காய்ந்த வயலில் முற்றிய நெல்லுக்குத்தான் வாசனை.

இந்த இலையுதிர் காலத்தில் விவசாய நிலையத்திலிருந்து சின்ன பெங் வந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண், தோளில் பை, கையில் பட்டியல். பெரிய வயல் நெல்லில் ஒரு பிடி எடுத்துப் பொட்டலம் கட்டினாள்.

"இதையும் எடுத்துக்கோ" என்று சியூஹே பத்தாயத்திலிருந்து சின்ன வயல் நெல் ஒரு கிண்ணம் அள்ளி நீட்டினாள்.

"பட்டியல்ல ஒரு வயல்தான் இருக்கு, அத்தை."

"பட்டியல் கிடக்கு. நல்ல அரிசின்னா எப்படியிருக்கும்னு உங்க மெஷினுக்கும் தெரியட்டும்."

சின்ன பெங் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனாள்.

பதினைந்து நாள் கழித்து அவள் மறுபடி வந்தபோது சிரிப்பு இல்லை. அரிசியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வரைதான் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். பெரிய வயலில் 0.17. சின்ன வயலில் 0.93.

"மாத்தி எழுதிட்டியா?" என்றாள் சியூஹே.

"மூணு தடவை பார்த்தாங்க, அத்தை. ஆலை விட்ட விஷம் மண்ணுல இன்னும் கிடக்கு. சுண்ணாம்பு போட்டு தண்ணி நிறுத்தினா அது மண்ணோடயே ஒட்டிக்கிடும். வயலைக் காயவிட்டா பயிரு உறிஞ்சிடும்."

"நான் மருந்து எதுவுமே போடலியே."

"போடாததுதான் அத்தை..." அந்தப் பெண் பட்டியலை மடித்துப் பையில் வைத்தாள்.

மாவட்ட மருத்துவமனையில் கணவன் மனைவி இருவருக்கும் சிறுநீர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் காட்மியம் அளவு கூடுதல். நாலு வருஷமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி நடக்கும் தெங்குக்கு ரொம்பவே கூட. டாக்டர் அவசரப்படாமல் பேசினார். "சிறுநீரகத்துல உக்காந்துட்டா பத்து, இருபது வருஷம் எழுந்திருக்காது. எலும்பையும் அரிக்கும். வெளிய எடுக்க மருந்து இல்ல. அந்த அரிசியை நிறுத்துங்க."

அந்த வாரத்தில்தான் லிஷுவாங் அரிசி கேட்டாள். அவளுக்கு ஏழாம் மாதம். சியூஹே சந்தையில் வடகிழக்கு மாகாணத்திலிருந்து வந்த அரிசி வாங்கினாள், வழக்கமான மூட்டையில் கொட்டித் தைத்து அனுப்பினாள். பிரசவம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மூட்டை போய்ச் சேர்ந்த அன்றே மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, இது யாரு வீட்டு அரிசி?"

"நம்ம வீட்டுதுதான்."

"எங்கிட்டயே கதையா? குக்கரைத் திறந்தா வாசனையே இல்ல. நல்லதை வித்துட்டு எனக்குக் கடை அரிசி அனுப்புறியா? கட்டிக் குடுத்தாச்சு, இனிமே நான் வெளியாளா?"

இதைக் கேட்டபின் சியூஹேவால் மறைக்க முடியவில்லை. பரிசோதனையில் வந்த அளவைச் சொன்னாள், சுண்ணாம்பைச் சொன்னாள், அப்பாவின் இடுப்பைச் சொன்னாள்.

"கேன்டீன் சோத்தைத் தொடாதேன்னு நீதானே சொன்னே."

"ஆமா."

"பன்னெண்டு வருஷம் டப்பா கட்டிக்கிட்டுப் போனேம்மா. எல்லாரும் கேலி பண்ணாங்க."

"ஆமா."

"எங்கூட வேலை செஞ்சவங்க எல்லாம் கேன்டீன்லதான் சாப்பிட்டாங்க."



ஷென்ஜெனில் பரிசோதனை செய்தார்கள். லிஷுவாங்குக்கும் அளவு கூடத்தான். குழந்தையைப் பற்றி டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. நஞ்சுக்கொடி கொஞ்சம் தடுக்கும், எவ்வளவு என்று சொல்ல முடியாது, பிறந்தபின் பார்ப்போம் என்றாராம். மகள் திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. "இப்ப என்னம்மா சாப்பிடட்டும்?" என்று மட்டும் கேட்டாள். முப்பத்தொரு வருஷமாக சியூஹேவிடம் பதில் இருந்த ஒரே கேள்வி அது.

பத்தாயத்தில் முந்நூறு கிலோ நெல் மிச்சம். சாப்பிடக் கூடாது, கோழிக்கும் பன்றிக்கும் போடக் கூடாது என்று விவசாய நிலையம் தந்த தாளில் அச்சடித்திருந்தது. அப்படியானால் யார் வந்து எடுப்பார்கள் என்று சின்ன பெங்கிடம் கேட்டாள். "அதுக்கு இன்னும் உத்தரவு வரலை, அத்தை." சியூஹே ஒரு மூட்டையைக் குழி தோண்டிக் கொட்டினாள்; பாதி மூடியபோதுதான், இது மறுபடி அதே மண்ணுக்குத்தானே போகிறது என்று உறைத்தது. மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று சக்கர வண்டியில் ஒரு வியாபாரி வந்தான். "வேற மாகாணத்துக்குப் போயிடும் அக்கா. நல்லதோட கலந்துட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"யாரு சாப்பிடுவாங்க?"

"யாரோ. நமக்கென்ன?"

ஒரு மாதத்துக்கு முன்னால் அவளும் அதையே சொல்லியிருப்பாள். வண்டி வாசலைத் தாண்டும்வரை அவள் திண்டாடிக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை.

"கிழவா, இதை என்னதான் பண்றது?" என்று தெங்கிடம் கேட்டாள்.

அவர் இடுப்பைப் பிடித்தபடி முக்காலியில் உட்கார்ந்தார். "கடை அரிசியை மகளுக்கு அனுப்பு. எனக்கும் உனக்கும் இதுவே இருக்கட்டும். எனக்கு அறுபத்திரெண்டாச்சு. இருபது வருஷம் கழிச்சு அது எழுந்து போனா என்ன, போகாட்டி என்ன?"

"டாக்டரு நிறுத்தச் சொன்னாரு."

"கொட்ட இடம் சொன்னாரா?"

சியூஹே பத்தாயத்து அரிசியைக் களைந்தாள், வழக்கத்துக்கு அதிகமாக மூன்று தண்ணீர் விட்டு. களைந்தால் போகாது என்று சின்ன பெங் சொல்லியிருந்தாள். குக்கர் ஆவி விட்டபோது வீடு முழுக்க வாசனை. தெங் மிளகாய் வதக்கலோடு ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றுக்கு நீட்டினார்.

அவள் போட்டாள்.