மூன்று லட்சம் என்று அடித்தவள்

அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தவள் நான். வேறு யாரும் இல்லை. ஒரு பாட்டு கேசட் மூன்று லட்சம் விற்றது என்று இன்று இணையத்தில் எழுதுகிறார்கள், மேடையில் பேசுகிறார்கள், ஆய்வு செய்கிறார்கள். ஒரு மதியம், டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் நான் அடித்த எண் அது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் தறி ஓடியது. நான் தறியில் உட்காராமல் டைப்பிங் படித்து, தினமும் பஸ் ஏறிச் சேலம் வந்து, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஜவ்வரிசி மூட்டைக்கு லேபிள் எல்லாம் வரும். கேசட் பெட்டிக்குள் மடித்து வைக்கும் அட்டையும் வரும். ஒரு பக்கம் பாடகர் படம், மறுபக்கம் பாட்டுகளின் பட்டியல்.

அந்த அட்டைகளைக் கொண்டுவந்தவர் நாமக்கல் பக்கத்துக்காரர். பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஒரு மாடியில் கேசட் கம்பெனி வைத்திருந்தார். சாமிப் பாட்டு, கிராமியப் பாட்டு என்று உள்ளூர்க்காரர்களைப் பாடவைத்து, பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடைகளிலும் லாரிப் பட்டறைகளிலும் விற்றார்.

அந்தக் கேசட்டில் பாடியவருக்குத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருப்பார். ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவனின் மனைவி சொந்த ஊரில் குடத்தோடு அலைகிறாள் என்று ஒரு பாட்டு, அவரே கட்டிப் பாடியது. ஒரே நாளில் கேசட் முழுவதையும் பாடி முடித்துவிட்டு மறுநாள் ரிக் வண்டியில் ஏறிப் போய்விட்டார். அதற்காக அவருக்குக் கையில் ஒரு தொகை கொடுத்ததோடு சரி.

அவரை அந்த நாட்களில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். லீவில் வந்தவர் அட்டையைப் பார்க்க அச்சகத்துக்கு வந்தார். மை ஏறிப்போய்ப் படத்தில் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. “ஏனுங்க, எம்மூஞ்சி தக்காளியாட்டம் இருக்குதுங்களே” என்று சிரித்தார். அடுத்த அச்சில் சரிசெய்கிறோம் என்றேன்.

அடுத்த அச்சு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் பாட்டு பிடித்துக்கொண்டது. நான் ஏறும் பஸ்ஸில் அதுதான் ஓடியது. டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நூல் போடும் இடத்தில்கூட அதுதான். முதலில் இரண்டாயிரம் அட்டை அடித்தோம். பிறகு ஐயாயிரம். மூன்றாவது தடவை மறுபடி ஐயாயிரம். மொத்தம் பன்னிரண்டாயிரம். பில் போட்டது நான் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

அந்த மூன்றாவது தடவைதான் கேசட் முதலாளி மதிய நேரத்தில் வந்தார். அட்டையின் மூலையில் ஒரு நட்சத்திரம் போடு, உள்ளே சாதனை என்று ஏதாவது எழுது என்றார். என்ன எழுத என்று கேட்டேன். ஒரு லட்சம் விற்றது என்று போடச் சொன்னார். அடித்தேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒரு லட்சம்னு எல்லாருந்தான் போடறான். நீ மூணு போடு சாமி.”

“அவ்வளவு அட்டை நாம அடிக்கவே இல்லைங்களே.”

“அட்டைய எண்ணிப் பாத்துட்டா பாட்டுக் கேக்கறாங்க?”

அச்சக முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்றுக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, பின்னால் கருப்பு நிழல் விழவைத்தேன். அழகாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றியது. அதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் உடம்பு கொதிக்கிறது.

கடைக்குப் போன கேசட்டை எல்லாம் விற்றதாகத்தான் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். விற்காமல் மூட்டையாகத் திரும்பி வந்ததைச் சொல்லமாட்டார்கள். கம்பெனியை மூடியபோது மிச்சமிருந்த அட்டைக் கட்டுகளைப் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துப் போனதை நான் பார்த்தேன். ஆகவே பன்னிரண்டாயிரமும் விற்கவில்லை. இன்னொரு பக்கம், தெருவுக்குத் தெரு இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் வெற்றுக் கேசட்டைக் கொடுத்து அந்தப் பாட்டைப் பதிந்து வாங்கியவர்கள் எத்தனை பேரோ. அதை யாரும் எண்ணவில்லை. உண்மையான எண் எனக்கும் தெரியாது. தெரியாது என்று எழுத ஒருவருக்கும் மனம் வராததுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

கல்யாணமாகி அஸ்தம்பட்டிக்கு வந்து, ஏற்காடு ரோட்டில் ஜெராக்ஸும் டி.டி.பி.யுமாக ஒரு கடை வைத்தேன். போன வருஷம் ஒரு ஆராய்ச்சி மாணவி தன் ஆய்வேட்டைச் சரிசெய்து பிரிண்ட் எடுக்கக் கொண்டுவந்தாள். கொங்கு வட்டாரக் கேசட் பாடல்களைப் பற்றிய ஆய்வு. பக்கங்களை ஒழுங்கு செய்துகொண்டே வந்த நான் ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘மூன்று லட்சம் பிரதிகள் விற்று வரலாறு படைத்தது.’ கீழே அடிக்குறிப்பு, ஓர் இணையப் பக்கம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் அதற்கு ஒரு பத்திரிகைக் கட்டுரை ஆதாரம். கட்டுரைக்கு என்ன ஆதாரம் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. மாணவி பின்னிணைப்பில் வைத்திருந்தாள். என் மஞ்சள் மூன்று, என் கருப்பு நிழல். அட்டையை ஸ்கேன் செய்து ‘முதன்மைச் சான்று’ என்று தலைப்பிட்டிருந்தாள்.

இது பொய், நான்தான் அடித்தேன் என்று அவளிடம் சொன்னேன். முதலில் அவள் சந்தோஷப்பட்டாள், அந்தக் காலத்து ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று. பிறகு முகம் மாறியது. வேறு அச்சகத்திலும் அடித்திருக்கலாமே என்றாள். அட்டை அச்சடிக்கும் பிலிமும் பிளேட்டும் எங்களிடம்தான் இருந்தன என்றேன். நெறியாளரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள்.

“அக்கா, இது அச்சுல இருக்குதுங்க. நீங்க சொல்றது வாய்வார்த்தைதானுங்களே.”

 அடித்தவளின் வாயை நம்பமாட்டார்கள், அடித்த அட்டையை நம்புவார்கள். அந்தப் பக்கத்தை நான் பிரிண்ட் எடுத்துத் தரமாட்டேன் என்றேன். அவள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். அவள்மீதுகூட எனக்குக் கோபம் இல்லை. அவள் பட்டம் வாங்க வேண்டும். அந்த நெறியாளர்மீதுதான் கோபம்.

இணையப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று என் மகள் சொல்ல, அவளை வைத்து அந்த வரியை எடுத்தேன். மறுநாள் பார்த்தால் வரி திரும்பி வந்திருந்தது. சான்றில்லாத நீக்கம் என்று யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள். கேசட் முதலாளி இறந்துவிட்டார். அவருடைய மகன்தான் பழைய பாட்டுகளை இப்போது இணையத்தில் ஏற்றுகிறார் என்று கேள்விப்பட்டு, எண் வாங்கிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். “புதுசா போட்டதுல அஞ்சு லட்சம்னு மாத்திட்டோங்க்கா” என்றார். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு என்னால் கடையில் உட்கார முடியவில்லை. இந்த எண்ணைப் பற்றிக் கேட்க உரிமை உள்ள மனிதர் ஒருவர்தான், அதைப் பாடியவர். அவர் ஊரை விசாரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்செங்கோடு பஸ் ஏறினேன்.

அவர் ரிக் வேலையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. இடது கையில் இரண்டு விரல் இல்லை. ரிக்கில் இரும்பு ராடு மாட்டும்போது போனதாம். மனைவி இறந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மேச்சேரி ஆடுகள். என்னை யாரென்று தெரியவில்லை. தக்காளி முகத்தைச் சொன்னதும் நினைவு வந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்காமலே விஷயத்தைச் சொன்னேன். மூன்று லட்சம் விற்கவில்லை. பன்னிரண்டாயிரம் அட்டைதான். எண்ணை அடித்தது நான்.

 அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது செலவெல்லாம் அண்ணன்தான் பார்த்தார். அந்த நேரத்தில் புது அட்டையோடு கேசட் ஊருக்கு வந்தது. அண்ணன் அதைப் படித்தார். ஒரு கேசட்டுக்கு ஒரு ரூபாய் கிடைத்திருந்தாலும் மூன்று லட்சம் என்று பங்காளிகளை உட்காரவைத்துக் கணக்குச் சொன்னார். தம்பி பணத்தை ஒளித்துவைத்துக்கொண்டு அப்பனைப் பார்க்கவில்லை என்றார். எதுவும் வரவில்லை என்று இவர் எவ்வளவோ சொல்லியும் அட்டையை நீட்டினார்களாம். அப்பா இறந்தபோதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் இறந்து இப்போது ஆறு வருஷம். பிணத்தைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“நானும் அந்த மூணு லட்சத்த நம்புனனுங்க,” என்றார். “அந்தக் கேசட்டுக்காரன் என்னய ஏமாத்திப்போட்டான்னு இத்தன வருசமா நெனச்சுட்டிருக்கறன்.”

இப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த எண் அவருடைய குடும்பத்தைப் பிரித்தது. அதே எண்தான் அவருக்கு மிச்சமிருந்த பெருமையும். இரண்டையும் ஒரே காலையில் நான் போய்ப் பிடுங்கியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் குரல் உயரவில்லை. “இத அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா எங்கண்ணங்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பேன். இப்ப எதுக்குங்க வந்தீங்க?”

எழுந்தேன். வாசலைத் தாண்டியபோது இருங்க என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் வீடு நாலு வீதி தள்ளி. அங்கே வந்து சொல்லுங்கள் என்றார். எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

அண்ணன் மகன் காலேஜ் பஸ் ஓட்டுகிறான். சித்தப்பா வாசலில் நிற்பதைப் பார்த்து அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் நின்றபடியே மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, போனை எடுத்துத் தேடி என்னிடம் காட்டினான். மூன்று லட்சம் என்றுதானே இருக்கிறது என்றான். காலேஜ் பையன்களிடம் தன் சித்தப்பா பாட்டு என்று இதைத்தான் காட்டுவானாம். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, ஆனால் வெளியில் பெருமை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

உள்ளேயிருந்து அவனுடைய அம்மா வந்தார். அதுவரை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“எத்தன அட்டைங்க அடிச்சீங்க?” என்றார் என்னிடம்.

சொன்னேன். எத்தனை தடவையாக, எந்தத் தடவை எவ்வளவு என்று கேட்டார். இரண்டு, ஐந்து, ஐந்து என்றேன். விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்தார். ஆராய்ச்சி செய்தவர்கள், கட்டுரை எழுதியவர்கள், இணையத்தில் வரியைத் திரும்பப் போட்டவர்கள் யாரும் கேட்காத கேள்வி. பள்ளிக்கூடம் பார்க்காத அந்த அம்மாதான் கேட்டார்.

பிறகு கொழுந்தனாரைப் பார்த்தார். “அவிய போனப்ப நீங்க தூரத்துல நின்னத நான் பாத்தேன். அன்னிக்கு உள்ள வாங்கன்னு நான் சொல்லுல. தை மாசம் அவியளுக்குத் திதி வருது. வாங்க.”

அவர் படியேறவில்லை.  அந்த அம்மா காபி வைக்கிறேன் என்றபோது, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். நானும் வந்துவிட்டேன். பஸ்ஸில் ஊர் வரும்வரை யாரை முதலில் திட்டுவது என்றே தெரியவில்லை. செத்துப்போன முதலாளியையா, அவர் மகனையா, சிரித்துக்கொண்டே நிழல் போட்ட என்னையா.

தை முடிந்து ஒரு நாள், நான் கொடுத்துவிட்டு வந்த நம்பருக்கு அவரிடமிருந்து போன் வந்தது. திதிக்குப் போனதாகச் சொன்னார். சாப்பிட்டாராம். அண்ணன் மகன் இலை போட்டானாம்.  சந்தோஷம் என்று ஏதோ சொல்ல வந்தேன். அவர் விடவில்லை.

“தகவல் சொல்லோணும்னுதான் கூப்புட்டேனுங்க. இனி நீங்க இந்த நம்பருக்குப் பேச வேண்டாம். கேக்கறவங்க யாராச்சும் வந்தா பன்னெண்டாயிரம்னு சொல்லுங்க. அது போதும்.”

இதுவரை கேட்டு யாரும் வரவில்லை. அதனால்தான் நானே எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன். அச்சில் இருந்தால்தானே நம்புவார்கள்.