தேதி தள்ளும் மாத்திரை

வசந்தி இறந்துபோன செய்தி கடைக்கு வந்தபோது, அவளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய வலி மாத்திரையைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு வயது. காலையில் எழுந்து சுவரைப் பிடித்து நின்றிருக்கிறாள். மூச்சு வாங்கியிருக்கிறது. நெஞ்சைப் பிடித்தபடி சரிந்துவிட்டாள். காலின் ஆழ் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி கிளம்பிப் போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருபத்தாறு வருஷம் ஃபார்மசிஸ்டாக இருந்தேன். புதிதாகக் கவுன்ட்டரில் நிற்க வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெருமையாகச் சொல்ல வேறு அனுபவங்கள் உண்டு. அவற்றை எழுத மனசில்லை.

1. கேள்வி கேட்காத அக்கா

வைகாசித் திருவிழா நெருங்கினால் எங்கள் கடையில் ஒரு மாத்திரை வேகமாக நகரும். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. ஆனால் சாமி வாசலுக்கு வரும் நாளில் தூரமாகிவிட்டால் கற்பூரத் தட்டைத் தொட முடியாதே என்று பெண்கள் தவிப்பார்கள். கவுன்ட்டரில் நிற்பது ஒரு பொம்பளை என்பதற்காகவே நாலு தெரு தாண்டி என்னிடம் வருவார்கள். மாத்திரையின் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். நானும் எதுவும் கேட்காமல் பழுப்புக் கவரில் போட்டு நீட்டுவேன். அதில் எனக்கு நல்ல பேர். உள்ளூரக் கொஞ்சம் தலைக்கனமும்தான்.

2. ஒரே கவரில்

அந்த வருஷம் வசந்தி வழுக்கி விழுந்து, கணுக்கால் உடைந்து, முழங்கால் வரை மாவுக்கட்டோடு கிடந்தாள். பாத்ரூம் போக ஆள் வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டாள். வலி மாத்திரை வாங்க வருகிறவள் அவள் தங்கை கலா. ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்காவுக்குத் தேதி வருதுக்கா. சாமி வர்ற அன்னிக்கு நாற்காலியிலயாவது உக்காந்து தீபாராதன பாக்கணும்னு அழுவுது."

இரண்டு மாத்திரைகளையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தேன்.

எலும்பு முறிவு, கால் அசையாமல் கிடப்பது, உடம்பில் நீர் வற்றுவது, ஹார்மோன் மாத்திரை. ரத்தம் உறைய இவையெல்லாம் காரணம் என்று பரீட்சையில் எழுதிப் பாஸானவள் நான். ஆபரேஷன், பிரசவம், பருமன், புற்றுநோய், ரத்த உறவில் யாருக்காவது வந்திருப்பது என்று மீதியையும் ஒப்பிப்பேன். படித்து என்ன பிரயோஜனம்?

நாலு நாள் கழித்துக் கலா மறுபடி வந்தாள். கெண்டைக்கால் கடுக்கிறதாம், கால்விரலெல்லாம் வீங்கியிருக்கிறதாம், கட்டு இறுக்குகிறதோ என்று கேட்டாள். கட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, கொஞ்சம் பவரான வலி மாத்திரை கொடுத்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொல்லியிருக்க வேண்டும். சாமி வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது வசந்தி போய்விட்டாள்.

துக்கத்துக்குப் போனேன். கலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த மாத்திரையைப் பற்றி வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

3. அடுத்த வைகாசி

கலா வந்தாள், தனக்கு அதே மாத்திரை வேண்டும் என்று. சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றேன். எதிர்க்கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லித் திரும்பினாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கூடப் பிறந்தவளுக்கு ரத்தக்கட்டி வந்ததால் அவளுக்கும் ஆபத்து அதிகம், கட்டோடு இந்த மாத்திரையும் சேர்ந்துதான் வசந்திக்கு அப்படி ஆகியிருக்கலாம், விசாரிக்காமல் கொடுத்தது என் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் கவுன்ட்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மாத்திர வாய் கசக்குது, வேணாம்னுதான் அக்கா சொல்லிக்கினு இருந்துச்சுக்கா. மூணு வேளையும் நான்தான் திட்டித் திட்டி முழுங்க வெச்சேன்."

"உன் மேல தப்பு இல்லம்மா" என்றேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. மாத்திரை வாங்காமலே போனாள். அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

அந்த வருஷத்தோடு வேலையை விட்டேன்.

கட்டு போட்டிருக்கிறதா, படுக்கையில் இருக்கிறார்களா, கால் வீக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கிறதா என்று கேளுங்கள். சீட்டு இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், கோபித்துக்கொண்டு போகட்டும். எதுவானாலும் மாத்திரை கை மாறுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். நான் ஒரு வருஷம் கழித்து உண்மையைச் சொல்லி என் பாரத்தை இறக்கி வைத்தேன். இறக்கி வைத்த இடம் கலாவின் தலை.