சக்கரத்துக்கு வாங்கிய எலுமிச்சம்பழம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். தர்மபுரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் காலை பாசஞ்சரில் போய்வந்து பார்த்தால் யாருக்கும் கோபம் மூக்கின் மேல்தான் உட்காரும். நான் ஓசூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சீசன் டிக்கெட்காரி. காலையில் எழுந்ததிலிருந்து ஓசூரில் இறங்கும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் பெட்டியில் வரும் எந்தப் பெண்ணும் குடிப்பதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் பாட்டிலைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்துவிடுவாள்.

காரணம் அந்தப் பழைய பெட்டியின் கழிப்பறை. தாழ்ப்பாள் விழாது. பாலக்கோடு தாண்டுவதற்குள் குழாயில் தண்ணீர் தீர்ந்துவிடும். கதவை ஒட்டி ஆண்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டு கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்குத் தாகமே தேவலை என்று ஆகிவிடும்.

புது வண்டி வருகிறது என்று எங்களுக்கு முதலில் சொன்னவர் ஓசூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அண்ணன். எங்கள் பெட்டியின் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவரும் அவர்தான். பழைய பெட்டிகளை எடுத்துவிட்டு மெமு என்கிற மின்சார ரயில் விடப்போகிறார்களாம். அகலமான கதவு, சுத்தமான கழிப்பறை, எல்லாம் இருக்குமாம். எப்போது என்று கேட்டால், "அடுத்த மாசங்க" என்பார். அந்த அடுத்த மாசம் வந்ததும் அதற்கடுத்த மாசம். பெட்டி தயாராகவில்லை, தயாரானது வேறு ஊருக்குப் போய்விட்டது, சோதனை ஓட்டம் பாக்கி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தோடு வருவார். நாங்கள் அவருக்கு 'அடுத்த மாச அண்ணன்' என்று பெயர் வைத்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நல்ல மனிதர்.

எனக்கு எதிரில் உட்கார்ந்து வரும் பெண்ணுக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. பென்னாகரம் ரோட்டில் மாதா கோயில் உள்ள ஒரு ஊர்க்காரி அவள். விடிவதற்குள் பஸ் பிடித்து தர்மபுரி வந்து எங்களோடு ரயிலேறுவாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் பாகங்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் பெண், அவர்கள் குடும்பத்தில். வண்டியில் தூங்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டாள். "தொலைஞ்சா போயிடும்?" என்று கிண்டல் செய்வேன். "இருக்கட்டுங்க்கா" என்பாள்.

சிறுநீரகத்தில் கல் என்று மருத்துவர் சொன்னதை அவள் என்னிடம்தான் முதலில் சொன்னாள். கல் இரண்டாம் முறை வந்திருந்தது. வலியில் இராயக்கோட்டை வரை இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கணுமாம்க்கா. இல்லன்னா கிட்னி போயிடுமாம். வூட்டுல அவரு வேலைய விட்டுருன்னு சொல்றாரு. திட்டலீங்க, பயந்துக்கிட்டு சொல்றாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆயுத பூஜ வரைக்கும் பாக்கறன்னு சொன்னன். அதுக்குள்ள புது வண்டி வந்துட்டா போறன், இல்லன்னா நின்னுக்கறன்னு."

ஓசூரில் அறை எடுத்துத் தங்கலாம்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் கறக்கிற மாட்டையும் கணவன் தலையில் கட்டிவிட்டு வர அவளுக்கு மனமில்லை. பஸ்ஸில் போனால் கழிப்பறையே கிடையாது. எனவே அவள் வேலை, வராத ஒரு வண்டியை நம்பி நின்றது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் பெட்டிக்குப் பூஜை போடுவது வழக்கம். தோரணம் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுப்போம். அந்த வருடம் அண்ணன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்: பூஜையன்று வருவது புது வண்டிதான். யார்டில் நிற்கிற படத்தைக்கூடக் குழுவில் போட்டார். எந்த ஊர் யார்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் நம் ஊரில் யார் ஓட்டுவார்கள்? ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி வந்தோம். ரயிலுக்கு எத்தனை சக்கரம் என்று யாரும் யோசிக்கவில்லை, அதனால் ஒரு கூடையே சேர்ந்துவிட்டது. மாதா கோயில்காரியும் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

"உனக்கெதுக்கும்மா எலுமிச்சம்பழம்? ஜெபமாலை போட்டா போதாதா?" என்றேன்.

"அதையும் போட்டுட்டுதாங்க்கா வந்தன்" என்றாள்.

வாழைக்கன்றும் மாலையுமாக நடைமேடையில் நின்றோம். தூரத்தில் ஹாரன் கேட்டது. அண்ணன் கற்பூரத்தட்டைத் தூக்கினார். வந்து நின்றது அதே பழைய வண்டி. ஜன்னல் கம்பியில் துரு, கதவருகே அதே கூட்டம். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "எனக்காங்க மால?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அண்ணன் தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல், சுற்றவும் முடியாமல் நின்றார். வண்டி காத்திருக்காது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஏறினோம். பழைய பெட்டிக்கே மறுபடியும் பொட்டு வைத்தோம், அது என்ன பாவம் செய்தது.

எலுமிச்சம்பழம்தான் மிஞ்சியது. வீணாக வேண்டாமென்று யாரோ பழக்கத்தியை எடுத்து நறுக்கினார்கள். பூஜைக்கு வாங்கிய சர்க்கரை இருந்தது. தண்ணீர் கேனில் பிழிந்து கலக்கிக் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். ஆண்கள் எல்லோரும் குடித்தார்கள். பெண்கள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டோம். எதிரில் இருந்தவள் கோப்பையை முகர்ந்து பார்த்தாள். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் கோப்பையைப் பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு கோபம் வந்தது, வண்டி மேலல்ல, எங்கள் மேல். வண்டி வராதது எங்கள் கையில் இல்லை. கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறவர்களை நகரச் சொல்வது எங்கள் கையில்தானே இருந்தது? விடுமுறை முடிந்த அன்று ஏறியதும் நேராகக் கழிப்பறைப் பக்கம் போய், "இங்க யாரும் நிக்காதீங்க, அந்தப் பக்கம் போங்க" என்றேன். "எதுக்குங்க?" என்றார் ஒருவர். "பொம்பளைங்க ஒண்ணுக்குப் போகணும்" என்று சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் நகர்ந்தார்கள். மறுநாளிலிருந்து அடுத்த மாச அண்ணன், அந்தப் பூஜையின் வெட்கமோ என்னவோ, கேன் நிறையத் தண்ணீர் தூக்கி வந்து கழிப்பறை வாசலில் வைத்தார். பெண்கள் முறை போட்டுக்கொண்டு வெளியே நின்று கதவைப் பிடித்தோம்.

அவள் அரை பாட்டில் குடிக்கத் தொடங்கினாள். அவள் கணவன் பொங்கல்வரை தவணை கொடுத்தார். ஆனால் அரை பாட்டில் போதவில்லை. பொங்கல் கழிந்து மறுபடியும் வலி. மாசக் கடைசியோடு நின்றுவிடுவதாக சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் சொன்னபோது அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டிருந்தாள்.

அந்த மாசம் முடியுமுன் ஒரு திங்கட்கிழமை, குழுவில் ஒரு செய்தியும் இல்லாமல், பளபளவென்று ஒரு வண்டி வந்து எங்கள் நடைமேடையில் நின்றது. ஒருவரும் ஏறவில்லை. எங்கோ போகிற ஸ்பெஷல், நம்முடையது பின்னால் வரும் என்று பொறுமையாக நின்றோம். ஒலிபெருக்கி எங்கள் வண்டியின் பெயரைத்தான் சொன்னது. "தப்பா சொல்றாங்க" என்றார் அண்ணன். ஊருக்கெல்லாம் புது வண்டி வருகிறது என்று சொல்லி வந்தவர், வந்த வண்டியை நம்பவில்லை.

கார்டு விசில் ஊதியபோது அவள்தான் முதலில் ஓடி ஏறினாள். அவளைப் பார்த்து நான், என்னைப் பார்த்து மற்றவர்கள், கடைசியில் அண்ணன். உள்ளே நாங்கள் இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் நேராகக் கழிப்பறைக்குப் போனாள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது, திறந்தது, மறுபடி விழுந்தது. வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"தாப்பா விழுதுங்க்கா."

பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். இன்னும் பாலக்கோடுகூட வரவில்லை. அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த பெண் பழக்கதோஷத்தில் அவள் கையைப் பிடிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள். பாட்டில் காலியாகும்வரை அவள் நிறுத்தவில்லை. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, சட்டைக்குள் இருந்த அடையாள அட்டையை எடுத்து வெளியே போட்டாள்.

"சூப்பர்வைசர்கிட்ட இன்னிக்கே பேசிடறன்" என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நாளைக்கு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்கண்ணா" என்றாள்.

"சக்கரத்துக்காம்மா?"

"இல்லீங்க. எனக்கு."