நடுவுக்கு ஏறாத ஊசி

"புகையே வராத காருக்குப் புகை கூட எண்டு எப்பிடி ரீச்சர் எழுதிக் குடுக்கலாம்?"

அன்ரன் மாஸ்டர் இப்படிக் கேட்டபோது எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கை முழுக்கப் பெற்றோல் மணம். கடற்காற்றையும் மீறி, கண்ணை லேசாக எரிக்கிற மணம்...

"கண்ணுக்குத் தெரியாட்டி என்ன மாஸ்டர், மூக்குக்குத் தெரியுதே" என்றேன்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். அவர் கணக்கு, நான் இரசாயனம். இளைப்பாறிய பிறகும் ஒரே ஒழுங்கையில்தான் இருந்தோம். அவருடையது பழைய வெள்ளை ஜப்பான் கார். கார்புரேற்றர் காலம் முடிந்து, உள்ளே இருக்கும் சின்னக் கம்பியூட்டரே பெற்றோலை அளந்து தெளிக்கத் தொடங்கிய காலத்துக் கார்.

முந்தின வருஷங்களில் மட்டுமட்டாகத் தேறி வந்த அது, அந்த வருஷத்து எமிஷன் பரிசோதனையில், அதாவது புகைப் பரிசோதனையில், தவறிவிட்டது. அதில் தேறிய சான்றிதழ் இல்லாமல் வருஷ லைசன்ஸ் எடுக்க முடியாது. லைசன்ஸ் இல்லாமல் கார் தெருவில் இறங்க முடியாது.

அவருடைய கவலை காரைப் பற்றியதல்ல. மனைவி திரேசா அக்காவைப் பற்றியது. முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு அக்காவுக்கு வலது கால் மடங்காது. ஓட்டோவில் ஏற முடியாது. அந்தக் காரின் முன் சீற்றை முழுக்கப் பின்னே தள்ளிவிட்டால்தான் காலை நீட்டி உட்காரலாம். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோயில், பிறகு கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீடு... அக்காவின் வெளியுலகம் அவ்வளவுதான்.

நான் மாஸ்டருக்கு அடுப்பை உதாரணம் காட்டினேன். விறகைத் திணித்துக் காற்றைக் குறைத்தால் நெருப்பு அரைகுறையாய் எரியும். கார்பன் மொனொக்சைட் வரும். அதற்கு நிறமில்லை. அதைத்தான் பரிசோதனை நிலையத்துப் பெட்டி அளக்கிறது.

"அப்ப காற்று காணாது, இல்லாட்டிப் பெற்றோல் கூட" என்றார்.

சரியாகத்தான் பிடித்தார். எயார் ஃபில்ற்றர் மாற்றினார். பிளக் மாற்றினார். பாமன்கடை கராஜில் ஒட்சிசன் சென்சர் மாற்றினார்கள், இன்ஜெக்ரர் கழுவினார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பப் பரிசோதனைக்குப் போனார், ஒவ்வொரு முறையும் தவறியது.

"எங்கட கடைசிப் பெடியனும் மூண்டாந்தரம்தான் ஏ.எல். சோதனை பாஸ் பண்ணினவன்" என்று அக்கா சிரித்தார். "காருக்கும் இன்னொருக்கா ரியூஷன் குடுங்கோ!"

மாஸ்டர் சிரிக்கவில்லை. லைசன்ஸ் முடியச் சில நாட்கள் இருக்கும்போது, கிராண்ட்பாஸில் ரிஸ்வான் என்றொருவருக்குக் காரை விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொண்டுபோய்க் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வர மறுத்தார். "ஒப்பாரிக்கு ஆள் வேணுமெண்டா ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அப்படித்தான் அந்த முன் சீற்றில் நான் முதன்முதலாக உட்கார்ந்தேன். மரைன் டிரைவ் வெறிச்சோடிக் கிடந்தது. கோட்டை தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குள் நுழைந்தும், வெப்பம் காட்டும் ஊசி அடியிலேயே கிடந்தது.

"மாஸ்டர், இது வேலை செய்யுதோ?"

"ஓம் ரீச்சர். அது மேல ஏறவே ஏறாது. அவ்வளவு கூல் எஞ்சின்!" குரலில் ஒரு பெருமை.

"எப்ப தொடக்கம்?"

சில வருஷங்களுக்கு முன்பு கடுகண்ணாவ மலை ஏற்றத்தில் கார் கொதித்து நின்றதாம். அன்றைக்கு வழியில் ஒரு கராஜ்காரர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டாராம். "எங்கட வெயிலுக்கு இது என்னத்துக்கு சேர்?" என்று கேட்டாராம்.

நம் ஊரில் பல கராஜ்களில் இதுதான் வழக்கம். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கிற சின்ன வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் நன்றாகச் சூடாகாது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோல் கொடுக்க வேண்டும் என்பது கம்பியூட்டர் படித்த பாடம். வெள்ளவத்தை வெயிலில் நின்றுகொண்டே, தான் நுவரெலியாக் குளிரில் நிற்பதாக நம்பி, அந்தக் கார் இத்தனை வருஷம் அளவுக்கு மேல் குடித்திருக்கிறது.

சொன்னேன். மாஸ்டர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"திருப்புங்கோ மாஸ்டர், வீட்டை போவம்" என்றேன்.

அவர் காரைத் திரும்பக் கிளப்பினார். கிராண்ட்பாஸ் பக்கமே ஓட்டினார்.

ரிஸ்வான் வாசலில் நின்றார். அவருடைய உம்மா, கைத்தடியோடு, ஏற்கெனவே வெளியே போக வெளிக்கிட்டு நின்றார். நான் இறங்கியதும் அந்த முன் சீற்றில் மெல்ல ஏறி உட்கார்ந்து, "வசதியா இரிக்கி மகன்" என்றார்.

மாஸ்டர் சாவியை நீட்டினார். "தம்பி, எமிஷனுக்குப் போக முதல் ஒரு தெர்மோஸ்டாட் போடுங்கோ. அது இல்லாததுதான் காருக்கு வந்த வருத்தம்."

ரிஸ்வான் திகைத்துப் போனார். "தெரிஞ்சா அப்ப ஏன் சேர் விக்கிறீங்க?"

"வாக்குச் சொல்லிப்போட்டன் தம்பி" என்றார் மாஸ்டர்.

பஸ்ஸில் திரும்பினோம்.

அடுத்த வாரம் ரிஸ்வான் சந்தோஷமாக ஃபோன் பண்ணினார். கார் பாஸாம். மாஸ்டர் அக்காவிடம் அதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா ஏசவில்லை. "அந்த உம்மாவுக்குக் கால் நீட்ட இடம் காணுமோ?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது கராஜ்களில் ஸ்கானரைக் கொழுவிப் பிழையை வாசிக்கிறார்கள். புதிய கார்கள் பலவற்றில் அந்த ஊசியே இல்லை, ஒரு சின்ன விளக்குத்தான். ஃபோனைத் தொட்டால் வாசலுக்கு ஓட்டோ வருகிறது. அக்காவுக்குத்தான் அதில் ஏற முடியாது. செவ்வாய்ப் பூசையை ஃபோனில் பார்க்கிறார்... காலை ஸ்டூலில் நீட்டியபடி.

உங்கள் வீட்டில் இன்னும் ஒரு பழைய கார் ஓடுகிறதா? நாளைக்கு அதைக் கால் மணித்தியாலம் ஓட்டிவிட்டு, வெப்ப ஊசியைப் பாருங்கள். அது நடுவுக்கு ஏறாவிட்டால், வேறெதையும் மாற்ற முதல் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கராஜில் கேளுங்கள்.